மணியோசை வரும் முன்னே

நண்பர் வீட்டுப் பையனுக்குப் புரோகிராமிங் மீது ஆசை வரட்டும் என்று லுவா மொழியில் ஒரு சின்ன விளையாட்டை அவன் கண்ணெதிரே எழுத உட்கார்ந்தேன். இரண்டே திரை. முதல் திரை மெனு. அதில் ‘ஆடு’ என்றால் ஆட்டம் தொடங்கும். ஆட்டம் முடிந்தால் மறுபடி மெனு. எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓடவிட்டேன். மெனு வந்தது. ‘ஆடு’ என்றான். நில் என்ற வெற்று மதிப்பை ஃபங்ஷன் போலக் கூப்பிடப் பார்க்கிறாய் என்று திட்டிவிட்டுப் புரோகிராம் படுத்துவிட்டது. ஆட்டம் என்ற ஃபங்ஷனோ நான்கு வரி கீழே, முழு உருவத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

“மாமா, அங்கதானே இருக்கு? அதுக்குத் தெரியலையா?” என்றான்.

தெரியவில்லைதான். ஆனால் ஏன் தெரியவில்லை என்று அவனுக்கு அன்றைக்கு நான் சொன்னது அரைகுறை பதில். “மேல எழுதினாத்தான் அதுக்குத் தெரியும்” என்று சொல்லி, ஃபங்ஷனை வெட்டி மேலே ஒட்டினேன். இப்போது ஆட்டம் ஓடியது. முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பப் போய், அதே இடத்தில் அதே திட்டு. இந்த முறை காணாமல் போனது மெனு.

அந்தச் சில வரிகளை இங்கே வைத்துவிடுகிறேன். லுவாவின் சொந்தச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருப்பவை. ஒலியை மட்டும் தமிழில் தருகிறேன்.

லோக்கல் ஃபங்ஷன் மெனு()
    பிரிண்ட்("ஆடலாமா?")
    ரிட்டர்ன் ஆட்டம்()
எண்ட்

லோக்கல் ஃபங்ஷன் ஆட்டம்()
    பிரிண்ட்("முடிந்தது")
    ரிட்டர்ன் மெனு()
எண்ட்

மெனு()

விசைப்பலகையில் பதில் வாங்கும் வரிகளை விட்டுவிட்டேன். இப்படியே ஓடவிட்டால் மெனுவும் ஆட்டமும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு விடிய விடியச் சுற்றும். சுற்றினாலும் நினைவகம் நிரம்பி வழியாது. ஒரு ஃபங்ஷனின் கடைசி வேலை இன்னொன்றைக் கூப்பிட்டு அதன் விடையை அப்படியே திருப்பித் தருவதாக இருந்தால், லுவா பழைய ஃபங்ஷனின் இடத்தைக் காலி செய்துவிட்டுத்தான் புதியதற்குப் போகும். டெயில் கால் என்பார்கள். நம் கதைக்கு அது தேவையில்லை. லுவாவில் எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் சொன்னேன்.

இன்னொரு சின்னச் செய்தி. மேலே உள்ளதைப் போல ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடியுமா? அதிகாரபூர்வ லுவா ஒத்துக்கொள்ளாது. பெயரில் ரோமன் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். மேற்கோள் குறிக்குள் வரும் வாசகம் தமிழில் இருந்தால் எந்தத் தடையும் இல்லை. லுவாஜிட் என்ற வேகமான வேறொரு வடிவம் இருக்கிறது. அது தமிழ்ப் பெயரையும் ஏற்கும்.

இப்போது அந்தப் பிழைச் செய்திக்கு வருவோம். அதை அவசரமாகப் படிப்பவர்கள் ‘நில்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். விஷயம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. லுவா 5.4 தரும் செய்தியின் வால் பகுதியில் ‘குளோபல் ஆட்டம்’ என்று எழுதியிருக்கும். பழைய 5.1 பதிப்பில் அடைப்புக்குறி இடம் மாறும், ஆனால் குளோபல் என்ற சொல் அங்கேயும் உண்டு. நான் எழுதியதோ லோக்கல். லோக்கல் என்று கொட்டை எழுத்தில் எழுதிய ஒன்றை ஏன் குளோபல் என்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முழு ரகசியமும் வெளியே வந்துவிடும்.

லுவாவில் இரண்டு வகைப் பெயர்கள். லோக்கல் என்று அறிவித்தால் அந்த வேரியபிள், அறிவித்த வரிக்கு அடுத்ததிலிருந்து அந்தப் பகுதி முடியும்வரை மட்டும் உயிரோடு இருக்கும். லோக்கல் என்று சொல்லாத எல்லாமே குளோபல். அவை எல்லோருக்கும் பொதுவான ஒரு டேபிளில் பெயர் வாரியாகக் கிடக்கும். ஃபங்ஷனும் இதற்கு விலக்கல்ல. லுவாவில் ஃபங்ஷன் என்பது 5 என்ற எண்ணைப் போல, ஒரு வாசகத்தைப் போல வெறும் மதிப்பு. அதற்கென்று பிறவிப் பெயர் கிடையாது. ‘ஃபங்ஷன் மெனு’ என்று எழுதுவது, ஒரு ஃபங்ஷனை உருவாக்கி மெனு என்ற வேரியபிளில் போட்டு வை என்பதன் சுருக்கம்தான். அதாவது அது அறிவிப்பு அல்ல, செயல். அந்த வரி ஓடினால்தான் ஃபங்ஷன் பிறக்கும். சி மொழியிலிருந்தோ ஜாவாவிலிருந்தோ வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே ஃபங்ஷன்கள் புரோகிராம் தொடங்கும் முன்பே இருப்பவை. இங்கே ஒவ்வொன்றாகப் பிறக்கின்றன.

சரி, பிறப்பதற்கு முன் கூப்பிட்டதுதான் தவறா? அதுவும் இல்லை. கடைசி வரியில் மெனுவைக் கூப்பிடும் நேரத்தில் இரண்டு ஃபங்ஷன்களும் பிறந்து முடிந்துவிட்டன. நேரக் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. மேலே உள்ள புரோகிராமில் இரண்டு இடத்திலும் லோக்கல் என்ற சொல்லை அழித்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். ஒழுங்காக ஓடும்! அப்படியானால் கோளாறு நேரத்தில் இல்லை. படிக்கும் வரிசையில் இருக்கிறது.

வடக்கிலிருந்து வரும் தலைவரின் பேச்சை மேடையில் நின்று உடனுக்குடன் தமிழாக்குபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் முழுப் பேச்சையும் கேட்டுவிட்டு யோசித்துச் சொல்ல முடியாது. வாக்கியம் வரவர வாயிலிருந்து தமிழ் வந்துகொண்டே இருக்க வேண்டும். தலைவர் நடுவில் ஒரு பெயரைச் சொன்னால், அது கட்சிக்காரர் பெயரா, எதிரியின் பெயரா, ஊர்ப் பெயரா என்று அந்த நொடியிலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தலைவரே விளக்கினாலும் பயன் இல்லை. மைக்கில் சொன்னது சொன்னதுதான்.

லுவாவின் கம்பைலர் அந்த மொழிபெயர்ப்பாளர். கோப்பை மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை படிக்கிறது. படிக்கப் படிக்கவே, கற்பனை இயந்திரம் ஒன்றுக்கான கட்டளைகளை எழுதிக்கொண்டு போகிறது. பல மொழிகளின் கம்பைலர்கள் முதலில் முழுப் புரோகிராமையும் ஒரு மர வடிவமாகக் கட்டி வைத்துக்கொண்டு, அதை இரண்டு மூன்று முறை சுற்றி வந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே கட்டளை எழுதும். லுவாவில் அந்த மரமே கிடையாது. மெனுவின் உடலுக்குள் ‘ஆட்டம்’ என்ற பெயர் கண்ணில் பட்டதும் அது கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டுதான். இந்த ஃபங்ஷனுக்குள், இதற்கு மேலே, இப்படி ஒரு லோக்கல் உண்டா? இல்லையென்றால், இதைச் சூழ்ந்திருக்கும் வெளி ஃபங்ஷன்களில், இதுவரை படித்ததில் உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றால் முடிவு தயார்: இது குளோபல், பொது டேபிளில் போய்த் தேடு என்று கட்டளை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். நான்கு வரி தாண்டி ‘லோக்கல் ஃபங்ஷன் ஆட்டம்’ வரும்போது அதற்காக ஒரு புது லோக்கல் பிறக்கும். மேலே எழுதிய கட்டளை எழுதியபடியே இருக்கும்.

கேட்டதை நம்பாதவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். லுவாவோடு லுவாக் என்ற கருவி வருகிறது. கம்பைலர் எழுதிய கட்டளைகளை வரிவரியாக அச்சிட்டுக் காட்டும். 5.4 பதிப்பில் நம் மெனுவின் பட்டியலில், ஆட்டத்தைக் கூப்பிடும் இடத்தில், ‘கெட் டேப் அப்’ என்ற கட்டளை நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே ‘என்வ்’ என்ற சொல்லும், மேற்கோளுக்குள் ஆட்டம் என்ற பெயரும் இருக்கும். என்வ் என்பது பொது டேபிள். ஓடும் நேரத்தில் அந்த டேபிளில் ஆட்டம் என்ற பெயரில் எதுவும் இல்லை. இல்லாத பெயரைத் தேடினால் லுவா சத்தம் போடாது. நில் என்று அமைதியாகக் கொடுத்துவிடும். அந்த நில்லைக் கூப்பிடும்போதுதான் அலறும்.

இந்த அமைதிதான் ஆபத்து. புரோகிராமை ஏற்றும்போது ஒரு முணுமுணுப்பும் இருக்காது. அந்தக் குறிப்பிட்ட வரி ஓடினால்தான் பிழை தலைகாட்டும். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் கிளையில் இப்படி ஒரு பெயர் இருந்தால், வருடத்துக்கு ஒரு முறைதான் தெரியவரும், அதுவும் வாடிக்கையாளருக்கு.

ஒரே முறை படிக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? லுவா பிறந்தது 1993-ல், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெக்கிராஃப் என்ற ஆய்வுக் குழுவில். உருவாக்கியவர்கள் மூவர்: ரொபெர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ். பிரேசில் 1977 முதல் 1992 வரை கணினிச் சாதனங்களுக்கும் மென்பொருளுக்கும் கடுமையான இறக்குமதித் தடைகளை வைத்திருந்தது. வெளியிலிருந்து வாங்குவது கடினம். தேவைப்பட்டதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் டெக்கிராஃபில் ஊறியிருந்தது. அவர்களின் பெரிய வாடிக்கையாளர் பெட்ரோபிராஸ், நாட்டின் எண்ணெய் நிறுவனம். அதன் பொறியாளர்களுக்காக அவர்கள் ஏற்கெனவே டெல், சோல் என்று இரண்டு குட்டி மொழிகளைச் செய்திருந்தார்கள். தரவை உள்ளிடவும் விவரிக்கவும் உதவியவை அவை. இரண்டையும் சேர்த்து ஒரே மொழியாக்கியபோது பிறந்ததுதான் லுவா. போர்த்துக்கீசிய மொழியில் சோல் என்றால் சூரியன். லுவா என்றால் நிலா.

வம்சாவளியைக் கவனித்தால் வரிசைப் பிரச்சினைக்கு விடை தெரியும். புரோகிராம் எழுதாத பொறியாளர் தன் தரவையும் அமைப்புகளையும் எழுதி வைக்கும் மொழி இது. பெரிய பெரிய தரவுக் கோப்புகளையே லுவா புரோகிராமாக எழுதி ஏற்றுவார்கள். ஆகவே கம்பைலர் சட்டென்று படித்து முடிக்க வேண்டும், அளவிலும் சிறியதாக இருக்க வேண்டும். மரம் கட்டி, சுற்றி வந்து, திரும்பிப் பார்க்கும் ஆடம்பரத்துக்கு இடமில்லை. சொல்லாதது எல்லாம் குளோபல் என்ற விதியும் அங்கிருந்து வந்ததாகவே எனக்குப் படுகிறது. பத்து வரி அமைப்புக் கோப்பு எழுதுபவரிடம் ஒவ்வொரு பெயரையும் அறிவிக்கச் சொன்னால் ஓடிப்போய்விடுவார். பத்து வரிக்குப் பொருத்தமான இந்தச் சலுகை பத்தாயிரம் வரிக்குத் தொல்லையாகிவிட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் குளோபலாகவே விட்டுவிடலாமே என்று தோன்றும். சிறிய புரோகிராமில் விடலாம். யாரும் சாகப் போவதில்லை. கோப்புகள் பெருகும்போது பொது டேபிள் பேருந்து நிலையமாகிவிடும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஆட்டக்காரர்கள் எழுதும் ஆட்-ஆன்கள் எல்லாம் லுவாவில்தான். அவை அத்தனைக்கும் பொது டேபிள் ஒன்றே. இரண்டு ஆட்-ஆன்கள் ஒரே பெயரில் ஃபங்ஷன் வைத்தால் பின்னால் ஏறியது முன்னதை மிதித்துவிடும். வேகமும் குறையும். லோக்கல் என்றால் கையருகே இருக்கும் இடம். குளோபல் என்றால் ஒவ்வொரு முறையும் டேபிளில் பெயரைத் தேட வேண்டும்.

லோக்கலும் வேண்டும், ஒன்றையொன்று கூப்பிடவும் வேண்டும். கூப்பிடப்படுபவரை மேலே எழுது, கூப்பிடுபவரைக் கீழே எழுது என்ற எளிய விதி பாதிக்கு மேல் இடங்களில் போதும். அதனால்தான் அனுபவசாலிகள் எழுதிய லுவா கோப்பைக் கீழிருந்து மேலாகப் படிப்பது நல்லது. கைவேலைகள் மேலே, முதலாளி கீழே. ஆனால் மெனுவும் ஆட்டமும் போல இருவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டால், யாரை மேலே போட்டாலும் ஒருவர் கீழேதான் இருப்பார்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. தீர்வு அதுதான். பெயரை மட்டும் முதலில் அறிவித்துவிடு, உடல் பிறகு வரட்டும்.

லோக்கல் ஆட்டம்

லோக்கல் ஃபங்ஷன் மெனு()
    ரிட்டர்ன் ஆட்டம்()
எண்ட்

ஃபங்ஷன் ஆட்டம்()
    ரிட்டர்ன் மெனு()
எண்ட்

முதல் வரியில் ஒரு காலி டப்பாவை அலமாரியில் வைத்து ‘ஆட்டம்’ என்று லேபிள் ஒட்டுகிறோம். உள்ளே நில், அதாவது ஒன்றும் இல்லை. கம்பைலர் மெனுவைப் படிக்கும்போது ஆட்டம் என்ற பெயர் வந்ததும் தேடுகிறது. மேலே லோக்கல் இருக்கிறது. குளோபல் என்று எழுதாமல், வெளியே இருக்கும் அந்த டப்பாவை எடு என்று எழுதுகிறது. லுவாக் பட்டியலில் இப்போது ‘கெட் அப்வால்’ என்ற வேறு கட்டளை தெரியும். பிறகு ‘ஃபங்ஷன் ஆட்டம்’ வரி ஓடும்போது அதே டப்பாவுக்குள் ஃபங்ஷன் போய் விழுகிறது. கடைசியில் மெனுவைக் கூப்பிடும் நேரத்தில் டப்பா நிரம்பியிருக்கும்.

உற்றுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இதில் உண்டு. மெனு பிறந்தபோது டப்பா காலி. அந்தக் காலியை மெனு நகல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் பின்னால் நிரப்பி என்ன பயன்? லுவா நகல் எடுப்பதில்லை. உள் ஃபங்ஷன் பிடித்துக்கொள்வது டப்பாவை, அதன் உள்ளடக்கத்தை அல்ல. இப்படிப் பிடிக்கப்பட்ட வெளி வேரியபிளுக்கு லுவாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அப்வேல்யூ. டப்பா என்கிறோமே, பெயரில் ஏன் ‘வேல்யூ’ ஒட்டிக்கொண்டிருக்கிறது? 1998-ல் வந்த 3.1 பதிப்பில் இந்த வசதி முதலில் நுழைந்தபோது உண்மையிலேயே மதிப்பைத்தான் உறையவைத்து எடுத்துப் போனது. பெயருக்கு முன் சதவீதக் குறி போட்டு எழுத வேண்டும். ஃபங்ஷன் பிறந்த நொடியில் இருந்த மதிப்பு என்னவோ அதுவேதான் கடைசிவரை. அந்தக் காலத்தில் மேலே சொன்ன வித்தையைச் செய்திருந்தால் மெனுவின் கையில் நிரந்தரமாக ஒரு நில் இருந்திருக்கும். 2003-ல் 5.0 வந்தபோதுதான் வேரியபிளையே பிடிக்கும் முறை முழுதாக வந்தது. பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது.

தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷனிலும் இதே கதை சிறிய அளவில் ஓடுகிறது. தொடர் பெருக்கல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 5-க்கு விடை வேண்டுமென்றால் 4-க்கான விடையை 5-ஆல் பெருக்கு. ‘லோக்கல் பெருக்கு = ஃபங்ஷன்’ என்று தொடங்கி, உடலுக்குள் பெருக்கு என்றே கூப்பிட்டு எழுதினால் ஓடாது. ஒரு லோக்கலின் வாழ்வு அதை அறிவிக்கும் வாக்கியம் முடிந்த பிறகே தொடங்கும். சமக்குறிக்கு வலப்பக்கம் இன்னும் அந்த வாக்கியத்தின் உள்ளேயே இருக்கிறது. அங்கே பெருக்கு என்ற லோக்கல் பிறக்கவில்லை. அதையே ‘லோக்கல் ஃபங்ஷன் பெருக்கு’ என்று எழுதினால் ஓடும். பார்க்க இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும், இரண்டாவது வடிவத்தை லுவா இரண்டு படியாகப் பிரித்துக்கொள்கிறது: முதலில் டப்பா, பிறகு ஃபங்ஷன். மணியோசையை நமக்குத் தெரியாமல் அதுவே அடித்துவிடுகிறது. ஸ்கீம் மொழி தெரிந்தவர்களுக்கு லெட், லெட்ரெக் என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்றால் போதும்.

ஒரே முறை படிக்கும் கம்பைலர்களின் உலகில் இது பழைய வழக்கம். பாஸ்கலில் இதற்கென்றே ‘ஃபார்வர்டு’ என்ற சொல் உண்டு. சி மொழியில் ஃபங்ஷனின் தலைப்பு வரியை மட்டும் முன்னால் எழுதி வைப்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் அறிவிப்புகளைத் தானே மேலே தூக்கிக்கொள்ளும். அந்தச் சொகுசில் வளர்ந்தவர்கள்தான் லுவாவுக்கு வந்து அதிகம் அடிபடுகிறார்கள்.

நான் வேறு விதமாக அடிபட்டேன். ஒரு பழைய வேலையில் சுமார் ஆயிரத்து இருநூறு வரிக் கோப்பு. மேலே வரிசையாக எட்டுப் பத்துப் பெயர்களை முன்கூட்டி அறிவித்திருந்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் கோப்பைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தில், கீழே லோக்கல் இல்லாமல் நின்ற ஒரு ஃபங்ஷனைப் பார்த்து, ஐயோ குளோபலாக விட்டுவிட்டேனே என்று முன்னால் லோக்கல் சேர்த்தேன். நல்லது செய்வதாக நினைப்பு. மறுநாள் இரவு அது விழுந்தது. மூன்று மணி நேரம் தேடினேன். பெயர் மேலே அறிவிக்கப்பட்டிருக்கிறது, கீழே ஃபங்ஷன் இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை, ஆனாலும் நில்.

நடந்தது இதுதான். இரண்டாவது முறை லோக்கல் என்று சொன்னதும் லுவா அதே லேபிளோடு இன்னொரு புது டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டது. ஃபங்ஷன் போய் விழுந்தது புது டப்பாவில். மேலே இருந்த ஃபங்ஷன்கள் பிடித்துக்கொண்டிருந்ததோ பழைய டப்பா. அது காலியாகவே கிடந்தது. ஒரே பெயரை இரண்டு முறை அறிவிப்பது லுவாவில் குற்றம் இல்லை. ஒரு எச்சரிக்கைகூட வராது. இத்தனைக்கும் விடை முதல் நிமிடத்திலேயே திரையில் இருந்தது. இந்த முறை அடைப்புக்குறிக்குள் ‘குளோபல்’ இல்லை, ‘அப்வேல்யூ’ என்று இருந்தது. குளோபல் என்று வந்தால் கம்பைலர் லோக்கலைப் பார்க்கவே இல்லை. அப்வேல்யூ என்று வந்தால் டப்பாவைப் பார்த்திருக்கிறது, ஆனால் யாரும் அதை நிரப்பவில்லை. இல்லாவிட்டால் நிரப்பும் முன்பே நீங்கள் கையை விட்டுவிட்டீர்கள். மூன்று மணி நேரத்தில் அந்த ஒரு சொல்லை நான் ஒரு முறையும் படிக்கவில்லை.

அதன் பிறகு பெயர்களை முன்கூட்டி அறிவிக்கும் இடத்தில் ‘கீழே லோக்கல் போடாதே’ என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் வந்தது. ‘ஃபங்ஷன் ஆட்டம்’ என்று எழுதாமல் ‘ஆட்டம் = ஃபங்ஷன்’ என்று சமக்குறி போட்டு எழுதுவது இன்னும் நல்லது. இது புது அறிவிப்பு அல்ல, இருக்கும் டப்பாவை நிரப்புகிறோம் என்று படிப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே.

எல்லாப் பெயர்களையும் கோப்பின் உச்சியில் அறிவித்துவிட்டால் வரிசைத் தலைவலியே இல்லையே என்று ஒரு காலத்தில் நானும் கணக்குப் போட்டேன். லுவா ஒரு ஃபங்ஷனுக்குள் 200 லோக்கலுக்கு மேல் விடாது. கோப்பின் மேல்மட்டமும் ஒரு ஃபங்ஷன்தான். ஆகவே கோப்புக்கும் அந்த வரம்பு பொருந்தும். 5.1-ல் இன்னொரு கயிறும் உண்டு: ஓர் ஃபங்ஷன் வெளியிலிருந்து 60 டப்பாவுக்கு மேல் பிடிக்கக்கூடாது. 5.4-ல் அது 255.

பெரிய கோப்புகளில் கடைசியாக எல்லோரும் வந்து சேரும் இடம் டேபிள். உச்சியில் ஒரே ஒரு லோக்கல், ஒரு காலி டேபிள். எல்லா ஃபங்ஷன்களும் அதன் உறுப்புகள். மெனு, டேபிளில் இருக்கும் ஆட்டத்தைக் கூப்பிடும். அந்தப் பெயரைத் தேடுவது ஓடும் நேரத்தில் மட்டுமே. கம்பைலருக்குத் தெரிய வேண்டியது டேபிளின் பெயர் ஒன்றுதான், அது மேலேயே இருக்கிறது. மேலே கீழே என்ற பேச்சே இல்லை. கோப்பின் முடிவில் அந்த டேபிளைத் திருப்பித் தந்தால் அதுவே ஒரு மாட்யூல்.

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையின் பக்கத்தில் வரும் தகவல் பெட்டிகளுக்குப் பின்னால் இத்தகைய மாட்யூல்கள் வேலை செய்கின்றன. விக்கிப்பீடியாவுக்குள் லுவா நுழைந்தது 2013-ல், ஸ்கிரிபுன்ட்டோ என்ற நீட்சி வழியாக. அங்கே மாட்யூல்கள் பெரும்பாலும் ‘பி’ என்று ஒரு காலி டேபிளோடு தொடங்கி, அதையே திருப்பித் தந்து முடியும். அங்கே ஓடுவது 5.1. முதல் வரியிலேயே ‘ஸ்டிரிக்ட்’ என்பதை அழைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அழைத்துவிட்டால் இல்லாத குளோபலைத் தொட்ட மாத்திரத்தில் கூச்சல் கிளம்பும். நில்லை அமைதியாகக் கையில் கொடுத்து அனுப்பும் அந்தக் குணத்துக்குப் போட்ட கடிவாளம் இது. கோப்பை ஓடவிடாமலேயே சலித்து, அறிவிக்காத பெயர்களைப் பொறுக்கித் தரும் லுவாசெக் என்ற கருவியும் இருக்கிறது. என்னைக் கேட்டால், லுவா எழுதுபவர் அதை நிறுவாமல் இரண்டாவது நாள் வேலை பார்க்கக்கூடாது.

டேபிளுக்கும் விலை உண்டு. ஒவ்வொரு அழைப்பிலும் பெயர் தேடல். எழுத்துப் பிழை விட்டால் கம்பைலருக்கோ லுவாசெக்குக்கோ சுலபமாகத் தெரியாது, ஓடும்போதுதான் தெரியும். அப்போது அடைப்புக்குறிக்குள் ‘ஃபீல்டு’ என்று வரும். ஆகவே நான் கலந்து எழுதுகிறேன். கோப்புக்குள் மட்டும் பயன்படும் சின்னக் கைவேலைகள் லோக்கலாக மேலே, வெளியாருக்கானவை டேபிளில். ஒன்றையொன்று கூப்பிடும் ஜோடிகள் அரிதாக வந்தால் மட்டும் உச்சியில் காலி டப்பா.

பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். ரோபிளாக்ஸில் விளையாட்டு எழுதுகிறான். அங்கே ஓடுவது லுவாவிலிருந்து கிளைத்த லுவாவ் என்ற மொழி. படிப்புக்காகத் தனியாக அசல் லுவாவிலும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. போன மாதம் இரவு பதினோரு மணிக்குப் போன்.

“மாமா, மறுபடி நில். ஃபங்ஷன் கண்ணெதிர்ல இருக்கு.”

“அடைப்புக்குறிக்குள்ள என்ன போட்டிருக்கு?”

“அப்வேல்யூ.”

“மேல அறிவிச்சிருக்கியா?”

“அறிவிச்சிருக்கேன் மாமா.”

“அப்ப கீழயும் லோக்கல் போட்டிருப்பே. அதை அழி.”

விசைகள் தட்டும் சத்தம். கொஞ்ச நேரம் மௌனம்.

“அது போயிடுச்சு. இப்ப ஃபீல்டுன்னு வருது.”

“ஸ்பெல்லிங்கைப் பாரு” என்றேன்.